புழு தின்ற டீச்சர்

நீண்ட பதிவு. நேரம் இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறவர்கள் கடைசி வரை படித்தே ஆக வேண்டும், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். என்னிடம் படித்தவர்களில் ஒருவனுக்கும் இதில் ஒரு பகுதி இருக்கிறது. அவன் கண்ணில் படுமா என்று தெரியாது.

மகனோடு கொஞ்ச நாள் இருக்கலாம் என்று கொரியாவுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. சுவோன் என்கிற ஊர், சியோலுக்குத் தெற்கே. ஊர் நடுவில் 1796-ல் கட்டி முடித்த கோட்டை. அதன் தெற்கு வாசலுக்குப் பல்தல்முன் என்று பெயர், அந்த வாசலை ஒட்டிச் சந்தை. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காது மடல் விறைத்துப்போகிற குளிரில் அங்கே ஒரு தள்ளுவண்டி முன்னால் நின்றோம். நான், மகன், மருமகள், பேரன். வண்டிக்கார அம்மாவுக்கு என்னைவிட வயது கூட இருக்கும். ரப்பர் கையுறை, தலையில் கம்பளித் தொப்பி, முகத்தில் யாரையும் உபசரிக்கிற எண்ணமே இல்லை. எனக்கு உடனே பிடித்துப்போனது.

அகலமான இரும்புத் தட்டில் சிவப்பாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. தொக்பொக்கி. அரிசி மாவை விரல் நீளத்துக்கு உருட்டி அவித்து, கொச்சுஜாங் என்கிற புளிக்கவைத்த மிளகாய் விழுதில் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். நம் வீட்டுப் பெண்களுக்குப் புரியும்படி சொன்னால், பெரிய சைஸ் அம்மிணிக் கொழுக்கட்டை, தாளிப்புக்குப் பதில் காரக் குழம்பு, அதில் ஒரு கை சர்க்கரை. முதலில் அரண்மனையில் சோயா சாற்றில் செய்த பண்டமாம் இது. மிளகாய் விழுதில் புரண்டு தெருவுக்கு வந்தது கொரியப் போர் முடிந்த சமயம், 1953 வாக்கில் என்கிறார்கள். அரிசித் தட்டுப்பாடு இருந்த காலத்தில் அமெரிக்கா அனுப்பிய கோதுமை மாவில்கூடச் செய்து தின்றிருக்கிறார்கள். பக்கத்தில் ஒமுக். அரைத்த மீனைத் தகடாகத் தட்டி, மடித்து, குச்சியில் கோத்து, கொதிக்கிற சாற்றில் நிற்க வைத்திருந்தார்கள். அந்தச் சாற்றைக் காகிதக் கப்பில் நாமே மொண்டு குடிக்கலாம், தனியாகக் காசு கிடையாது. இரண்டு கப் குடித்தேன். அப்புறம் ஹொத்தொக், உள்ளே பழுப்புச் சர்க்கரையும் கடலைப் பொடியும் பட்டைத் தூளும் வைத்துச் சுட்ட அடை. சீன வியாபாரிகளோடு வந்த பண்டம். நாக்கைச் சுட்டுக்கொண்டேன். பேரன் முன்னாலேயே எச்சரித்திருந்தான், நான்தான் கேட்கவில்லை.

இதுவரைக்கும் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை. இதுவரைக்கும் எடுத்த போட்டோவுக்கெல்லாம் 'சூப்பர் அத்தை', நாக்கு ஊறும் பொம்மை, எனக்கு ஒரு பார்சல் என்றுதான் போட்டிருந்தீர்கள்.

வண்டியின் ஓரத்தில் இன்னொரு சின்னச் சட்டி இருந்தது. பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வரிவரியாக, கொண்டைக்கடலையைவிடச் சற்று நீளம். யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. 31 வருஷம் கரும்பலகையில் நான் வரைந்த படம் அது. முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி. அதில் மூன்றாவது கட்டம். பட்டுப்புழு நூல் சுற்றிக்கொண்டு உள்ளே தூங்குமே, அது. கொரிய மொழியில் பொண்டேகி. அந்தச் சொல்லுக்கே கூட்டுப்புழு என்றுதான் அர்த்தம். ஒளிக்காமல் பெயர் வைத்து, ஒளிக்காமல் விற்கிறார்கள்.

ஒரு கப் 3,000 வொன், நம் கணக்கில் 200 ரூபாய்க்குள். பல் குத்தும் குச்சியால் குத்தித் தின்ன வேண்டும். மேல் தோல் கொஞ்சம் மொறுமொறுப்பு, கடித்ததும் உள்ளே இருக்கிற சாறு வாயில் தெறிக்கிறது. மழையில் நனைந்த மரத்தூள் மாதிரி ஒரு வாசனை, உப்பு, கடைசியில் கடலை மாதிரி ஒரு பின்சுவை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அரைக் கப்தான் முடிந்தது. மீதியை மகன் முடித்தான். பேரன் தொடவே இல்லை, ஆனால் நான் வாய் திறந்திருக்கும்போது போட்டோ எடுத்து உங்கள் குரூப்பில் போட்டுவிட்டான்.

பத்து நிமிஷத்தில் 43 பதில். 'சீ', 'சீச்சீ', 'உவ்வே', வாந்தியெடுக்கிற பொம்மை வரிசையாக. 'அக்கா, நீங்களா இப்படி?' 'அத்தை, இனிமே உங்க கையால காபிகூட வாங்கிக் குடிக்க மாட்டேன்.' 'டீச்சர் கொரோனா வாங்கிட்டு வந்துடாதீங்க.' 'இவனுங்க நாய் திங்கறவனுங்க, புழு திங்க மாட்டானுங்களா?' கடைசியாக எழுதியவர் என் சொந்தக் கொழுந்தனார். போன மாதம்வரை கொரிய மொழி தமிழிலிருந்துதான் பிறந்தது, அவர்களும் அம்மா அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், செம்பவளம் என்கிற தமிழ் இளவரசிதான் அவர்களின் முதல் ராணி என்று தினம் ஒரு பார்வர்டு அனுப்பியவரும் அவரே. (அந்தக் கதைக்கும் ஆதாரம் போதாது. கொரியாவின் 13-ஆம் நூற்றாண்டு நூலில் ஆயுத்தா என்கிற தேசத்திலிருந்து ஒரு ராணி கடல்வழி வந்தாள் என்று இருக்கிறது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிறகு சேர்ந்தது. எத்தனை தடவை சொல்வது.) ராணி வேண்டும், மொழிச் சொந்தம் வேண்டும், தட்டில் இருப்பது மட்டும் வேண்டாம். அறை முழுக்க கொரியப் பாட்டுக்காரப் பையன்களின் படம் ஒட்டிவைத்து, சேலத்திலிருந்து கொரிய நூடுல்ஸ் பாக்கெட் வரவழைத்துத் தின்கிற என் அண்ணன் பேத்தியும் உவ்வே போட்டிருந்தாள். கண்ணு, உன் பையன்களின் தாத்தா பாட்டி தின்ற பண்டம் இது.

சரி, கேலி போதும். பாடத்துக்கு வருவோம்.

போன ஆவணியில் நம் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த போட்டோவை எல்லாரும் எடுத்துப் பாருங்கள். முன் வரிசையில் 14 பட்டுச் சேலை. நானும் அதில் இருக்கிறேன், மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். அந்தச் சேலை எப்படி வந்தது?

தர்மபுரிக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் வீட்டில் மல்பெரி வைத்துப் புழு வளர்த்தவர்கள். பட்டுக்கூடு அங்காடியில் கூடு ஏலம் போவதைப் பார்த்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கூட்டில் இருப்பது அறுபடாத ஒரே இழை, நீட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரும். உள்ளே இருக்கிற ஜீவன் பூச்சியாகி வெளியே வந்தால் கூட்டில் ஓட்டை விழும், இழை துண்டு துண்டாகிவிடும். அதனால் அது வெளியே வருவதற்கு முன்பே ஆவியிலோ சூட்டிலோ கொன்றுவிட்டு, கூட்டை வெந்நீரில் போட்டு நூல் எடுக்கிறார்கள். ஒரு கிலோ நூலுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். ஒரு கூடு இரண்டு கிராமுக்கு முன்னே பின்னே இருக்கும். பெருக்கி வகுத்து நீங்களே பாருங்கள், நான் கணக்கு டீச்சர் இல்லை. அந்த முன் வரிசையில் குறைந்தது இருபதாயிரம் உயிர் நின்றுகொண்டிருக்கிறது.

ஒரு தடவை எட்டாம் வகுப்பைப் பட்டு நூல் எடுக்கிற இடத்துக்கு அழைத்துப்போனேன். நினைவிருக்கிறதா? வெந்நீர்த் தொட்டியில் கூடுகள் மிதந்தன. பக்கத்தில் நூல் கழன்ற புழுக்கள் கூடை கூடையாகக் குவிந்துகிடந்தன. அந்த வாசனையில் ஒருத்தி வாந்தியெடுத்தாள், மற்றவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்ட என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அதே வாசனைதான் சுவோன் சந்தையில் அந்தச் சட்டியிலிருந்து வந்தது. மூக்கு முப்பது வருஷத்தை மறக்காமல் வைத்திருக்கிறது.

அந்தக் கூடைப் புழு நம் பக்கம் எங்கே போகிறது? எண்ணெய் எடுக்க, மீன் தீவனத்துக்கு, கோழித் தீவனத்துக்கு. கோழி தின்றால் சரி. அந்தக் கோழியை நாம் தின்றாலும் சரி. நடுவில் கோழி இல்லாமல் ஒரு பாட்டி தின்றால் சீ.

குரூப்பில் மூன்று பேர் சைவம். அவர்கள் உயிர்க்கொலை பற்றி நீளமாக எழுதியிருந்தார்கள். உங்கள் மூவர் மேலும் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அந்தப் போட்டோவில் மூன்று பேரும் பட்டில்தான் இருக்கிறீர்கள். காஞ்சிப் பெரியவர் பட்டே வேண்டாம் என்றார், அதுவும் காஞ்சிபுரத்து மடத்தின் தலைவராக இருந்துகொண்டு. அவர் இந்தக் கப்பைப் பார்த்து முகம் சுளித்திருந்தால் நான் தலைகுனிந்து கேட்டிருப்பேன். நீங்கள் சுளிப்பதற்கு என்னிடம் அந்த மரியாதை கிடைக்காது.

அந்த வண்டிக்கார அம்மாவிடம் மகனை மொழிபெயர்க்க வைத்துக் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தேன். சின்ன வயதில் பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி அதில் பொண்டேகி அள்ளித் தருவார்களாம், பள்ளி விட்டு வரும்போது தின்றுகொண்டே வருவார்களாம். அவருக்கு அது பள்ளிக்கூட வாசல் நெல்லிக்காய். போருக்குப் பிறகு இந்த நாட்டில் கறி வாங்க வழியில்லாத வீடுகள்தான் அதிகம். 1960, 70-களில் அரசாங்கம் பட்டு வளர்ப்பை ஊக்கப்படுத்தி நூலை ஏற்றுமதி செய்தது. நூல் வெளிநாட்டுக்குப் போனது, மிஞ்சிய புழு பிள்ளைகள் வாய்க்குப் போனது. நூலையும் அவர்களே உடுத்தியிருந்தால் ஒருவேளை நம்மைப் போல அவர்களும் புழுவைப் பார்த்து முகத்தைத் திருப்பியிருப்பார்களோ என்னவோ.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சியோலில் ஜம்சில் என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயருக்குப் பட்டுப்புழு அறை என்று பொருள். ராஜாக்கள் காலத்தில் புழு வளர்த்த இடம். 1988 ஒலிம்பிக் நடந்த பெரிய மைதானம் அங்கேதான் இருக்கிறது. அந்த ஒலிம்பிக்கை முன்னிட்டு, வெளிநாட்டுக்காரன் பார்த்தால் என்ன நினைப்பான் என்று பயந்து, நகரத்தில் தெருவண்டிகளை விரட்டினார்கள். நாய்க்கறிக் கடைகளைப் பெரிய தெருக்களிலிருந்து மறைத்தார்கள். கொழுந்தனாருக்காக இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: நாயை வளர்த்துக் கறிக்குக் கொல்வதைத் தடைசெய்து இந்த நாட்டு நாடாளுமன்றம் 2024 ஜனவரியில் சட்டமே போட்டுவிட்டது, 2027-ல் நடைமுறைக்கு வருகிறது. அவர்கள் சண்டை போட்டு அவர்களே எடுத்த முடிவு. அதற்கு உங்கள் சீயும் தேவைப்படவில்லை, என் சீயும் தேவைப்படவில்லை.

சுத்தம் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வண்டியில் என் கண் முன்னால் கொதிக்கிறது. கல்யாண மண்டபத்துப் பின்கட்டை உங்களில் யார் போய்ப் பார்த்தீர்கள்? இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

எனக்கு ஆதரவாக எழுதிய என் தங்கை மகன், பூச்சியில் புரதம் அதிகம், ஐ.நா. அமைப்பே சொல்லியிருக்கிறது, வருங்கால உணவு என்று ஒரு கட்டுரையை ஒட்டியிருந்தான். நன்றி தம்பி. ஆனால் அந்த வாதம் எனக்கு வேண்டாம். ஐ.நா. சீட்டுக் கொடுத்தால்தான் ஒருவர் தட்டை மதிப்போம் என்றால், சீட்டு இல்லாத தட்டுகளை என்ன செய்வது? அஸ்ஸாமில் எரிப் பட்டுப்புழுவைத் தின்கிறார்கள். எந்த ஆராய்ச்சியையும் படித்துவிட்டுத் தின்னவில்லை, ருசியாக இருக்கிறது என்று தின்கிறார்கள். அந்த வண்டிக்கார அம்மாவும் புரதம் விற்கவில்லை.

இப்போது மற்ற விஷயம். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

இந்த நாட்டில் அதே 1960, 70-களில் அரிசியை மிச்சப்படுத்த, சோற்றில் பார்லியோ வேறு தானியமோ கலக்க வேண்டும் என்று உத்தரவு. பிள்ளைகள் கலந்துதான் கொண்டுவருகிறார்களா என்று பார்க்க, வகுப்பில் ஆசிரியர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லிப் பரிசோதனை செய்வார்களாம். வெறும் அரிசிச் சோறு கொண்டுவந்தவன் மாட்டிக்கொள்வான். இதைக் கேட்டதும் அந்த ஆசிரியர்களைத் திட்ட வாய் வந்தது, வார்த்தை வரவில்லை.

1993, ஐப்பசி கடைசி. தீபாவளி முடிந்து பள்ளி திறந்த நாள். நான் புதுச் சேலை கட்டியிருந்தேன். பட்டா என்று நினைவில்லை. பட்டாக இருந்திருந்தால் இந்தப் பதிவுக்குப் பொருத்தமாக இருக்கும், ஆனால் தெரியாததைத் தெரியும் என்று எழுதக்கூடாது. இடைவேளையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் மேசைக்கு வந்தான். கையில் காகிதப் பொட்டலம். முந்தின வாரம் மழை பெய்திருந்தது. விளக்கு வைத்துப் பிடித்த ஈசலை இறகு போகப் புடைத்து, வறுத்து, பொரியரிசியும் கடலையும் கலந்து அவன் அம்மா கொடுத்தனுப்பியிருந்தார். "டீச்சருக்குக் குடுன்னாங்க" என்றான்.

நான் சொன்ன முதல் வார்த்தை, நீங்கள் குரூப்பில் போட்ட அதே வார்த்தை. பிறகு, "கொண்டுபோய் வெளியே கொட்டு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவனுக்கு வகுப்பில் 'ஈசல்' என்று பெயர். பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அந்தப் பெயர் போகவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைத் திட்டவில்லை. எடுத்துக்கொடுத்தது நான்.

அவன் காலனிப் பையன் என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருப் பையன் கொடுத்திருந்தால், எனக்குப் பழக்கமில்லை கண்ணு என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். பழக்கமில்லை என்பதும் பொய்யாகத்தான் இருந்திருக்கும். என் பாட்டி வீட்டில் மழை விட்ட ராத்திரிகளில் அரிக்கேன் விளக்குக்குக் கீழே தண்ணீர்ப் பானை வைத்து ஈசல் பிடித்திருக்கிறோம். முறத்தில் புடைத்தது என் அம்மா. பாவாடை கட்டிய வயதில் கை நிறைய அள்ளித் தின்றிருக்கிறேன். டீச்சர் வேலை கிடைத்து, டவுனில் வீடு பார்த்து, பீரோவில் சேலை சேரச் சேர, அது நாம் தின்கிற பண்டம் இல்லை என்று ஆகிவிட்டது. அந்தப் பையன் என் பழைய வீட்டைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் மேசையில் வைத்துவிட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை. மணி அடித்ததும் பாடம் எடுத்தேன்.

அந்தப் பருவத்துப் பாடமே பூச்சிகளின் வளர்ச்சிதான். படத்தை அழகாக வரைந்ததற்காகத் தலைமையாசிரியர் பாராட்டினார்.

தம்பி, இதை நீ படித்தால் பதில் எழுத வேண்டும் என்றில்லை. உன் அம்மா இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் கொடுத்தனுப்பியதை நான் கொட்டச் சொன்னது தப்பு. உன்னிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கலாம், முகநூலில் தேடியிருக்கலாம். ஆனால் கொட்டச் சொன்னது எல்லார் முன்னாலும்தானே.

குரூப்பில் இருப்பவர்களுக்குக் கடைசியாக. யாரையும் புழு தின்னச் சொல்லவில்லை, நானே அரைக் கப்புக்கு மேல் முடியாமல் விட்டவள். பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள், எனக்குப் பசிக்கவில்லை என்று பொய்கூடச் சொல்லுங்கள். பட்டுச் சேலையும் பட்டு வேட்டியும் கட்டிக்கொண்டு அந்தக் கப்பைப் பார்த்து 'சீ' என்று சொல்லாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு அதே வார்த்தையைப் பள்ளியில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் டிபன் பாக்ஸைப் பார்த்துச் சொல்வார்கள். அங்கே புழு இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. நத்தையோ, கருவாடோ, மாட்டுக்கறியோ, வெறும் பழைய சோறோ போதும்.

தை மாதக் கல்யாணத்துக்கு நான் என்ன கட்டப்போகிறேன் என்று சின்ன நாத்தனார் கேட்டிருக்கிறார். பீரோவில் 17 பட்டு இருக்கிறது, செத்த புழு திரும்பி வராது, அதனால் என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பேசிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் முடிவாகிவிட்டது. பொண்டேகி இங்கே டின்னில் அடைத்தும் கிடைக்கிறது. இரண்டு டின் வாங்கிப் பெட்டியில் வைத்தாகிவிட்டது, விமான நிலையத்தில் பிடுங்காமல் விட்டால் சரி. ஒன்று எனக்கு. இன்னொன்று கொழுந்தனாருக்கு. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வீட்டுக்கு வருகிறேன், காபி போட்டு வைக்கச் சொல்லுங்கள்.